நிற்பதற்கு ஒரு மெஷின்

ஜூலை 21, திங்கள்

இன்று பட்டுப் பிரிவுக்கு ஒரு மெஷின் வந்து இறங்கியது. நாலு பேர் மூச்சு வாங்க மாடிப்படியில் தூக்கி வந்து, முகூர்த்தப் பட்டு அலமாரிக்கு முன்னால் வைத்தார்கள். ரயில் நிலையத்தில் எடை பார்க்கிற மெஷின் மாதிரி இருக்கிறது. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஏறி நின்று பொத்தானை அமுக்கினால் பலகை கிடுகிடுவென்று நடுங்குகிறது. நிற்கிற ஆளும் சேர்ந்து நடுங்க வேண்டும். அதுதான் உடற்பயிற்சியாம்.

வாங்கி வந்தவர் சின்ன முதலாளி அபிஷேக். பெரிய முதலாளி திரவியம் அவர்களின் ஒரே மகன், கோயம்புத்தூரில் எம்.பி.ஏ. படித்தவர். கடையில் வேலை பார்க்கிறவர்கள் இடையிடையே உட்கார இருக்கை போட வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. பெரிய முதலாளி சட்டத்தை மதிக்கிறவர். அப்போதே மூன்று நீள பெஞ்சு செய்யச் சொல்லி, தூசி படியாமல் பாலிதீன் சுற்றி, குடோனில் பத்திரமாக வைத்துவிட்டார். இப்போது சின்னவர் அதற்கும் ஒரு படி மேலே போயிருக்கிறார்.

“உக்கார வச்சா பழகிடுவாங்க, நாயகம் சார். நிக்கறதுக்கு ட்ரெயினிங் குடுத்துட்டா, உக்காரணும்னே தோணாது.”

எனக்கு நியாயமாகவே பட்டது. சேல்ஸ்மேனாகச் சேர்ந்து பட்டுப் பிரிவு சூப்பர்வைசர் ஆனவன் நான். பிரம்மநாயகம் கடைக்குள் உட்கார்ந்து பார்த்தேன் என்று திருநெல்வேலி ஜங்ஷனில் ஒருத்தர் சொல்ல முடியாது. எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். படியேறி வருகிற வாடிக்கையாளர் முதலில் பார்ப்பது சேலையை அல்ல, நாம் நிற்கிற அழகைத்தான் என்று அவர்களுக்கு அடிக்கடி சொல்லுவேன். நாற்காலியே இல்லாத கடை என்று யாரும் நினைக்க வேண்டாம். சேலை எடுக்க வருகிறவர்களின் வீட்டுக்காரர்களுக்காக ஓரத்தில் மெத்தை நாற்காலி வரிசையே உண்டு. அவர்கள் கடையில் ஒன்றும் செய்வதில்லை. அதனால் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

ஜூலை 23, புதன்

கடை திறப்பதற்கு முன் பிசியோதெரபி டாக்டர் நிலோஃபர் வந்தார். சின்ன வயசு, கண்ணாடி, கறாரான பேச்சு. மெஷினோடு கூட ஒரு கறுப்புப் பாயும் உண்டு. அதில் வெறுங்காலோடு நின்றால், பாதத்தில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் விழுகிறது என்று கம்ப்யூட்டரில் கலர் கலராகத் தெரியும். அழுத்தம் குறைந்த இடம் நீலம், கூடின இடம் சிவப்பு. உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று கணக்குப் பார்த்து நூற்றுக்கு ஒரு மார்க்கும் போடும்.

பட்டுப் பிரிவில் எல்லோரும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் வேலை பார்ப்போம், அதனால் வசதியாகப் போயிற்று. பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். எல்லார் குதிகாலும் சிவப்பு. செந்தூர்க்கனி ஏறியதும் திரையில் இரண்டு பாதமும் சிவந்துபோய்விட்டன. செந்தூர்க்கனிக்கு நாற்பத்தாறு வயது, பட்டுப் பிரிவின் பாதி வியாபாரம் அவள் கையில்தான். மார்க் நாற்பத்தொன்று.

“இதுல அறுபதுக்குக் கீழ இருக்கறவங்க, தினம் மெஷின்ல பயிற்சி எடுத்து மார்க்கை ஏத்தணும்,” என்றார் சின்னவர். “தீபாவளிக்கு முன்னாடி கடைசி டெஸ்ட். அப்பவும் ஏறலைன்னா, தீபாவளிக்கு அப்புறம் அவங்க வேண்டாம்.”

டாக்டரம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. “சார், இந்த மெஷின் சில பேருக்குப் பேலன்ஸ் கொஞ்சம் கூட உதவலாம். ஆராய்ச்சியெல்லாம் இன்னும் முடிஞ்ச முடிவு சொல்லல. நாள் முழுக்க நிக்கற வலிக்கு இது மருந்தில்ல,” என்றார். சின்னவர் தலையை ஆட்டிக்கொண்டே போனைப் பார்த்தார்.

பிறகு டாக்டரம்மா கேட்டார்: “யாருக்காவது சுகர் இருக்கா? கால் மரத்துப் போகுதா? அவங்க ஏறக்கூடாது.”

யாரும் கை தூக்கவில்லை. சூப்பர்வைசர் மேற்பார்வை பார்க்கிறவர், அவருக்கு இந்தச் சோதனை பொருந்தாது என்று நான் ஒதுங்கிக்கொண்டேன். அதுதான் முறை.

ஜூலை 24, வியாழன்

வீட்டுக்கு வந்ததும் உலகம்மை வாசலில் நின்றபடி, “என்ன, செருப்பு ஒத்தையா வந்திருக்கு?” என்று கேட்டாள். என் மனைவிக்கு வாய் அதிகம். பஸ்ஸில் கழன்றிருக்கும், கூட்டத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும்.

ஜூலை 30, புதன்

பயிற்சி நன்றாக நடக்கிறது. காலையில் பெண்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக நடுங்குகிறார்கள். நடுங்கும்போது ஆளுக்கொரு முகம். புதிதாகச் சேர்ந்த எஸ்தர் சிரித்துச் சிரித்துக் கீழே விழப் பார்த்தாள். ஆனால் எல்லோருக்கும் மெஷின் பிடித்திருக்கிறது. சின்னவருக்கு மகா சந்தோஷம்.

“எதுக்குட்டீ உங்களுக்கு இவ்வளவு ஆசை?” என்று செந்தூர்க்கனியிடம் கேட்டேன்.

“கம்பி இருக்குல்லா, அண்ணாச்சி. கொஞ்ச நேரம் எதையாவது புடிச்சுக்கிட்டு நிக்கலாம்லா,” என்றாள்.

இதைச் சின்னவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கம்பியைக் கழற்றிவிடுவார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடித் தள்ளுபடி. கூட்டம் சொல்லி மாளாது. காலையில் நின்ற பெண்கள் மத்தியானத்துக்குள் கால் மாற்றி ஒற்றைக் காலில் நிற்கிறார்கள், கொக்கு மாதிரி. கால் வலி, கால் வலி என்று புலம்பல். எனக்கு இத்தனை வருஷத்தில் கால் வலி கிடையாது. இப்போதெல்லாம் காலில் எதுவுமே தெரிவதில்லை. கொடுத்து வைத்தவன் நான்.

ஆகஸ்ட் 13, புதன்

மெஷினுக்குப் புதுக் கிராக்கி. நாற்காலி வரிசையில் காத்திருக்கிற வீட்டுக்காரர்களில் ஒருத்தர் சும்மா ஏறி நின்று பார்த்தார். இறங்கியதும், “சோக்கா இருக்குவே,” என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அவ்வளவுதான், வரிசை கட்டிவிட்டார்கள். உள்ளே மனைவி கல்யாணச் சேலை எடுக்கிறாள், வெளியே இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொப்பை குலுங்க நடுங்குகிறார். பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தர் இறங்க மறுத்து, பின்னால் நின்றவரோடு சண்டை. நான் போய் விலக்கிவிட்டேன். இவர்களுக்கு நாற்காலியும் உண்டு, மெஷினும் உண்டு. பெண்களுக்கு மெஷின் மட்டும். அதுவும் இனிமேல் கடை திறக்கிறதுக்கு முன்னாடி மட்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று கோபம் தலைக்கேறிவிட்டது. சேலை விரிக்கிற தாழ்வான மேடைமேல் போட்டிருக்கும் வெள்ளைத் துணியில் ஆங்காங்கே சிவப்புக் கறை. நான்தான் சற்று முன்பு மேல் தட்டிலிருந்து ஒரு சேலைக் கட்டை இறக்க அந்த மேடைமேல் ஏறி நடந்தேன். அப்போது கறை இல்லை. அடுத்த நிமிஷம் பார்த்தால் இருக்கிறது.

“எவட்டீ குங்குமத்தைக் கொட்டுனது?” என்று கத்தினேன். வரிசையாக எல்லோரும் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். எஸ்தர், “அண்ணாச்சி, நான் குங்குமமே வைக்க மாட்டேன்,” என்றாள். அதற்கும் திட்டினேன்.

செந்தூர்க்கனி மட்டும் கறையைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தாள். கிட்டே வந்து, யாருக்கும் கேட்காதபடி, “அண்ணாச்சி, அந்தப் பக்கமா வாங்க,” என்று அலமாரிக்குப் பின்னால் கூட்டிப்போனாள். என் வலது பாதத்தில் ஒரு குண்டூசி முழுசாக ஏறியிருந்தது. தலை மட்டும் வெளியே. சேலைக்குக் குத்துகிற ஊசி. அவளே பிடுங்கினாள், தன் முந்தானையில் ஒரு துண்டு கிழித்துக் கட்டினாள்.

“எப்ப ஏறுச்சின்னு தெரியலையா?” என்று கேட்டாள்.

“வேலை மும்முரத்துல கவனிக்கல,” என்றேன்.

அவள் வெள்ளைத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் வேறு துணி போட்டாள். வெளியே வந்து எல்லோரிடமும், “குங்குமந்தான், நான்தான் கொட்டிட்டேன்,” என்றாள். பொய் சொல்லுகிற பெண்களைக் கண்டால் எனக்குப் பிடிக்காது. இன்று ஒன்றும் சொல்லாமல் விட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

உலகம்மை டாக்டரிடம் போகச் சொல்லி ஒரே பிடிவாதம். தீபாவளி முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். மாத்திரை போட்டுக்கொண்டுதானே இருக்கிறேன்.

செப்டம்பர் 4, வியாழன்

தொழிலாளர் துறை ஆய்வு. ஆய்வாளர் கீழே வந்துவிட்டார் என்று போன் வந்ததும் குடோனிலிருந்து மூன்று பெஞ்சையும் பாலிதீனைக் கிழித்துத் தூக்கி வந்து, மேடைகளுக்குப் பின்னால் போட்டோம். எல்லோரையும் உட்காரச் சொன்னேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் போட்டோ எடுக்க உட்கார்கிற மாதிரி முழங்காலை ஒட்டி வைத்து, கையை மடியில் வைத்து உட்கார்ந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆய்வாளர் படியேறி வந்தார். வந்ததும் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பெரிய அதிகாரி வரும்போது உட்கார்ந்திருக்க முடியுமா? நானும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“உக்காருங்கம்மா, உங்களுக்காகத்தானே சட்டம்,” என்றார் அவர். பாதிப் பேர் உட்காரப் போனார்கள். அதற்குள் பின்னாலேயே பெரிய முதலாளி வந்தார். மறுபடியும் எழுந்தார்கள். ஆய்வாளர் தானே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காட்டினார். ஐயா உட்கார்ந்திருக்கிற பெஞ்சில் பக்கத்தில் எப்படி உட்காருவது என்று எல்லோரும் சுவரோரமாக நகர்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் அவர் மட்டும் உட்கார்ந்திருக்க, நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். காபி குடித்தார். இருக்கை வசதி சிறப்பாக இருக்கிறது, ஊழியர்கள் தாங்களே விரும்பி நிற்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எஸ்தர் மட்டும் கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை. பிறகு தனியாகக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன். சட்டப்படி நடந்துகொண்ட ஒரே ஆள் அவள்தான் என்பது திட்டி முடித்தபிறகுதான் உறைத்தது. பெஞ்சுகள் மறுபடி குடோனுக்குப் போய்விட்டன.

செப்டம்பர் 17, புதன்

நடுவில் ஒரு சோதனை. எல்லோர் மார்க்கும் கொஞ்சம் கூடியிருக்கிறது. சின்னவர் கைதட்டினார். மெஷினால் கூடியதா, பாயில் எப்படி நிற்க வேண்டும் என்று பெண்கள் தெரிந்துகொண்டதால் கூடியதா என்று டாக்டரம்மா கேட்டார். அந்தக் கேள்விக்குச் சின்னவர் கைதட்டவில்லை.

செந்தூர்க்கனி மட்டும் முப்பத்தெட்டு. முன்னைவிட மூன்று குறைவு. காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது, மத்தியானத்துக்குமேல் கால் யானைக் கால் மாதிரி வீங்கிவிடுகிறது. அதை வைத்துக்கொண்டு எப்படி ஆடாமல் நிற்பாள்?

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்கு நானே பயிற்சி கொடுத்தேன். “வயித்தை உள்ள இழு. கண்ணை ஒரே இடத்துல வை. என்னைப் பாரு, எப்படி நிக்கேன்?”

அவள் சிரித்தாள். “நீங்க எப்பவும் கீழ பாத்துக்கிட்டேல்லா நிக்கிய, அண்ணாச்சி. நடக்கும்போதும் காலைப் பாத்துப் பாத்துத்தான் வைக்கிய.”

“ஊசி கிடக்கான்னு பாக்கேன்.”

“ஆமா, ஊசிதான்,” என்றாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 29, திங்கள்

பூஜை விடுமுறைக் கூட்டம். சரஸ்வதி பூஜைக்குப் பொரி, சுண்டலுக்குச் சொல்லியாயிற்று. மேடைத் துணியெல்லாம் சலவைக்குப் போட்டேன். ஏணியில் ஒரு கட்டை ஆடுகிறது, தச்சரைக் கூப்பிட வேண்டும்.

சின்னவர் இன்று பெயர் சொல்லியே சொல்லிவிட்டார், செந்தூர்க்கனி கடைசி டெஸ்ட்டில் தேறாவிட்டால் தீபாவளியோடு சரி என்று. நான் அவளிடம் சொன்னேன். சொல்ல வேண்டியது என் வேலை.

கையிலிருந்த சேலையை மடித்து வைத்தாள். பிறகு, “இங்க விட்டா பீடிதான் சுத்தணும், அண்ணாச்சி. சின்ன வயசுல சுத்துனேன். இப்ப விரல் மடங்காதே. யாரு எலை குடுப்பா?” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த வாடிக்கையாளரைப் பார்த்து, “வாங்கக்கா, என்ன மாதிரி பாக்கீய?” என்று சிரித்தாள்.  இந்தப் பெண் என் பிரிவில் இல்லாத தீபாவளியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வியாபாரத்துக்காகச் சொல்லுகிறேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

கடை திறப்பதற்கு முன்னால் கடைசி டெஸ்ட். வீடியோ எடுக்க ஒரு ஆள், பெரிய முதலாளி, சின்னவர், டாக்டரம்மா. இந்தத் தடவை பாயில் கண்ணை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் தேறிவிட்டார்கள். செந்தூர்க்கனி மட்டும் நாற்பத்து மூன்று.

“அறுபதுக்குக் கீழ ஒரே ஆள்,” என்றார் சின்னவர், கேமராவைப் பார்த்து, ஏதோ பரிசு கொடுக்கிற மாதிரி.

டாக்டரம்மா சட்டென்று, “இவங்களுக்குப் பேலன்ஸ் கெடல சார், வலியில ஆடறாங்க. மெஷின் வேண்டாம், இவங்களை உக்கார வைங்க,” என்றார். வீடியோ எடுக்கிறவரைப் பார்த்து, “இதை எடுக்காதீங்க,” என்றார் சின்னவர்.

செந்தூர்க்கனி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

எனக்கு ஏன் அப்படித் தோன்றிற்று என்று தெரியாது. சும்மா ஒரு எரிச்சல். “சின்ன முதலாளி, கடையில நிக்கிறவங்களுக்குத்தானே டெஸ்ட்? நானும் நிக்கிறவன்தான். என்னையும் ஏத்திப் பாருங்க,” என்றேன். செந்தூர்க்கனி நிமிர்ந்து பார்த்து, “அண்ணாச்சி, வேண்டாம்,” என்றாள். வேண்டாம் என்று அவள் சொன்னதும் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது. ஏறிவிட்டேன்.

கண் திறந்திருந்தவரை சரியாகத்தான் இருந்தது. கண்ணை மூடியதும் தரை காணாமல் போயிற்று. நான் நேராக நிற்கிறேனா, சாய்கிறேனா என்று கால் சொல்லவே இல்லை. எங்கோ யாரோ, “அய்யோ,” என்றார்கள். கண்ணைத் திறந்தபோது முகூர்த்தப் பட்டுக் கட்டுகள் என்மேல் சரிந்து கிடந்தன. செந்தூர்க்கனி என் அக்குளைப் பிடித்திருந்தாள். இல்லாவிட்டால் மெஷின் கம்பியில் தலை அடித்திருக்கும். கம்ப்யூட்டர் எனக்கு மார்க்கே போடவில்லை. மறுபடி முயற்சி செய்யவும் என்று காட்டியது.

டாக்டரம்மா திரையையும் என் வலது காலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரே இடத்தில் அடர்த்தியான சிவப்பு, ஊசி ஏறிய இடம். காலைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே புண் வைத்து, தோல் மேலே மூடியிருந்தது.

“எத்தனை நாளா?”

“தெரியாது.”

“சுகர் இருக்கா?”

“இருக்கு,” என்றேன். பெண்கள் பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். வெட்கமாக இருந்தது.

“இவ்வளவு நாளும் கண்ணை வச்சு நின்னுருக்கீங்க. கால் வேலையே செய்யல,” என்றார் டாக்டரம்மா.

சின்னவர் குழம்பிப்போய், “இப்ப கம்மி மார்க் நாயகம் சார்தான். ஆனா அவர் சூப்பர்வைசர், அவர் கணக்குல வர மாட்டார். அப்போ செந்தூர்க்கனிதான்,” என்று தானே பேசிக்கொண்டார். பெரிய முதலாளி கையைக் காட்டி நிறுத்தினார். “தீபாவளி முடியிற வரைக்கும் பேசாத. அவகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

ஆக, எதுவும் மாறவில்லை. நான் விழுந்ததுதான் மிச்சம்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் புண்ணைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். வலியே தெரியவில்லை; டாக்டர் அதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. காலை உயர்த்தி வைத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார். உயர்த்தி வைத்தால் பாதம் கடைக் காலண்டரில் இருக்கிற பெரிய முதலாளி படத்துக்கு நேராக வருகிறது. உலகம்மையைக் காலண்டரைத் திருப்பி மாட்டச் சொன்னேன். “ஒரு விரலையே வெட்டி எடுத்துருப்பாங்க, நீங்க முதலாளி மூஞ்சிக்குக் கவலைப்படுதீய,” என்று அழுதாள். பிறகு திருப்பி மாட்டினாள்.

அக்டோபர் 11, சனி

பெரிய முதலாளி போன் செய்தார். தீபாவளிக் கூட்டம், நீ இல்லாமல் பட்டுப் பிரிவு ஓடவில்லை, உட்கார்ந்துகொண்டாவது வா என்று. காலை ஊன்றாமல் உட்காரலாம் என்று டாக்டரும் சொல்ல, ஆட்டோவில் போனேன். எனக்காகக் குடோனிலிருந்து பெஞ்சு எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். எடுத்து வந்தவர்கள் மூன்றையும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்.

நான் ஒன்றில் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கண்ணுக்கு நேரே பன்னிரண்டு பேருடைய கால்கள். நிமிர்ந்து பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. இது எனக்குத் தாங்கவில்லை.

“எல்லாரும் உக்காருங்க,” என்றேன். ஒருத்தியும் உட்காரவில்லை. “நீங்க இருக்கும்போது எப்படி அண்ணாச்சி,” என்று இழுத்தார்கள். ஆய்வாளருக்குக் காட்டிய அதே மரியாதை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “உக்காருங்கட்டீ! உக்காராதவ வீட்டுக்குப் போகலாம்!” என்று கத்தினேன். சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். என் வாழ்க்கையில் யாரையாவது உட்காரச் சொல்லித் திட்டியது இதுதான் முதல் முறை.

அக்டோபர் 15, புதன்

வியாபாரம் குறையவில்லை. மேடை தாழ்வு, வாடிக்கையாளரும் உட்கார்ந்திருக்கிறார். எதிரே இவர்களும் உட்கார்ந்தால் முகத்துக்கு முகம் பேச்சு ஓடுகிறது. சேலை எடுக்க மட்டும் எழுந்து போகிறார்கள். சின்னவர் வந்து பார்த்துவிட்டு, தீபாவளி வரைக்கும்தான் என்றார். எதற்கெடுத்தாலும் தீபாவளி.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. மத்தியானத்திலேயே கால் வைக்க இடமில்லை. செந்தூர்க்கனியிடம் வள்ளியூர்க் குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. தையில் கல்யாணம். பெண்ணுக்கு ஒன்று பிடிக்கிறது, அம்மாவுக்கு வேறு, அத்தைக்கு எதுவுமே பிடிக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் மலையாகச் சேலை குவிந்து கிடந்தது.

அப்போது பெரிய முதலாளி படியேறி வந்தார். இன்றோடு தீபாவளி வியாபாரம் முடிகிறது; வேலையை விட்டு நிறுத்துவதைச் சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குத் தெரியும், செந்தூர்க்கனிக்கும் தெரியும். பெண்கள் எழுந்திருக்கப் பார்த்தார்கள். “உக்காருங்க, வியாபாரம் நடக்கு,” என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் பெரிதாகக் கேட்டது. வியாபாரத்துக்கு நடுவில் விற்கிற ஆளைக் கூப்பிடக்கூடாது என்பது அவரே போட்ட சட்டம். அதனால் அவர் காத்திருந்தார்.

நாற்காலி வரிசை முழுக்க வீட்டுக்காரர்கள். ஒருத்தரும் எழுந்து இடம் தரவில்லை. மெஷின்மேல் ஒருத்தர் நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர் ஒருத்தர் முதலாளியைப் பரிவோடு பார்த்து, “உங்க வீட்டம்மாவும் உள்ளயா? இப்ப முடியாது சார். காபி கீபி குடிச்சிட்டு வாங்க,” என்றார்.

முதலாளிக்கு எழுபது தாண்டிவிட்டது. வலது காலில் நின்றார், இடது காலில் நின்றார், இடுப்பைப் பிடித்தார். என் பக்கம் வந்து, “எவ்வளவு நேரந்தான் நிக்கது, நாயகம்?” என்று கேட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. 

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மேடையைச் சுற்றிக்கொண்டு செந்தூர்க்கனி இருந்த பெஞ்சுக்குப் போனார். அவள் கையிலிருந்த சேலையை வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

“எந்திரிக்காத. கொஞ்சம் தள்ளி உக்காரு, தாயி,” என்றார். அவள் தள்ளினாள். அவர் அப்பாடா என்று உட்கார்ந்து, காலை நீட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

வள்ளியூர் அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “அண்ணாச்சி, சும்மாதானே உக்காந்திருக்கீய. பின்னால இருக்க அந்த மயில் பச்சைய எடுத்துப் போடுங்க,” என்றாள்.

 முதலாளி கண்ணைத் திறந்து அத்தையைப் பார்த்தார், திரும்பி அலமாரியைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, சேலையை எடுத்து வந்து, பழைய நாள் சேல்ஸ்மேன் மாதிரி ஒரே வீச்சில் விரித்துப் போட்டார். பெண்ணுக்குப் பிடித்தது. அம்மாவுக்கும் பிடித்தது. அத்தை கூட ஒன்றும் சொல்லவில்லை. வள்ளியூர்க்காரர்கள் பில் போடக் கீழே போனார்கள்.

இப்போது சொல்லப்போகிறார் என்று நான் பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். பெண்கள் எல்லோரும் கை வேலையை நிறுத்திவிட்டார்கள். முதலாளி மறுபடியும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, கலைந்து கிடந்த சேலைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இந்த மயில் பச்சையில, தைக்கு எத்தனை சேலை நெய்யச் சொல்லட்டும், தாயி?” என்று கேட்டார்.

செந்தூர்க்கனி கொஞ்சம் யோசித்துவிட்டு, உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்.